கையொப்பத்துக்கு மேலே

கையொப்பம் மட்டும் அவருடையது.
அதற்கு மேலே இருப்பதெல்லாம் நான்.

மனாமாவில், மூன்றாம் மாடியில்,
லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியொன்றில்
ஏழு வருஷமாய்
முதலாளியின் மனசைத் தட்டச்சு செய்கிறேன்.
பெருநாளுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று,
விபத்தில்லாத நூறு நாளுக்கு ஒன்று.
'நெஞ்சின் ஆழத்திலிருந்து' என்று தொடங்குவேன்.
எவ்வளவு ஆழம் என்று
ஹபீப் லெப்பை கேட்டதில்லை.
பேனா மூடியைக் கழற்றுவார், போடுவார்.

தாப்பாவின் அப்பா நேபாளத்தில் இறந்தபோது
நான் எழுதிய இரங்கலை
பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு
படியேறி வந்தான்
(எங்கள் கட்டட லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை).
முதலாளியின் கையை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான்.
அவர் அவன் தோளுக்கு மேலாக
என்னைப் பார்த்தார்.
நான் கீபோர்டைப் பார்த்தேன்.

சித்ரா என்றால் ஊரில் பெண் பெயர்.
இங்கே அது எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் தீவு.
அங்கேதான் எங்கள் ஆட்களின் கேம்ப்.
ஆகஸ்டு. சம்பளம் போட்டு இரண்டு மாதம்.
'தற்காலிகச் சவால்', 'ஒரே குடும்பம்',
'தோளோடு தோள்' என
ஒன்றரைப் பக்கம் அடித்துக் கொடுத்திருந்தேன்.
என் ஏழு வருஷத்தில் அதுதான்
ஆகச் சிறந்தது என்று வேறு நினைத்திருந்தேன்.

ஏசி காரிலிருந்து இறங்கியதுமே
அவர் கண்ணாடி மங்கிவிட்டது.
துடைத்தார். மறுபடி மங்கியது.
கடல் காற்றில் அத்தனை ஈரம்.
காகிதத்தை மூக்குக்கருகே கொண்டுபோனார்,
தள்ளிப் பிடித்தார்.
அறுபது பேர் ஒரு மனிதன்
கண் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அதை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்தார்.

"காசு இல்ல.
விலையக் குறைச்சுக் கேட்டு
அந்த ஒப்பந்தத்த எடுத்தது நான்.
வேணாம்னு ஒண்டிமுத்து சொன்னான்.
நான் கேக்கல."

ஃபோர்மேன் இந்தியில் சொல்லும்போது
கொஞ்சம் சர்க்கரை சேர்த்தார்.
"அப்படியே சொல்லும்" என்றார் முதலாளி.
எப்போ வரும் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
"தெரியாது."
போகிறவர்களுக்கு ரிலீஸும் டிக்கெட்டும் தன் பொறுப்பு,
அதற்கு மட்டும் காரை விற்றாவது பணம் வரும் என்றார்.
எந்தக் கார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

யாரும் கைதட்டவில்லை.
ஒருவன் காறித் துப்பினான்.
அந்த வாரமே பதினொரு பேர் போய்விட்டார்கள்,
ஒண்டிமுத்துவும்தான்.
உண்மை சொன்னவனுக்கு
உடனே விடிந்துவிடும் என்று
நான் எழுதிய கடிதங்களில்தான் வரும்.

திரும்பும் வழியில், பாலத்தின்மேல்,
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"தாப்பாவோட வாப்பா பேரு என்னம்மா?"
தெரியவில்லை எனக்கு.
அவ்வளவு உருக்கமாய் எழுதியிருந்தேன்,
பெயரைக் கேட்டிருக்கவில்லை.

இரவு நாசரேத்திலிருந்து பொன்சிங் கூப்பிட்டார்.
எனக்குள்ளும் ஒருத்தி இருக்கிறாள்,
தலையணை உயரம் வரை கேமராவைத் தூக்கி
பக்கத்துக் கட்டில்கள் மூன்றும் தெரியாமல்
சிரிக்கப் பழகியவள்.
தனி ரூம், நல்ல காற்று,
ஆபீசில் எல்லோரும் தங்கமானவர்கள்.
அவள் வாக்கியங்கள் அவருக்கு மனப்பாடம்.

அங்கே குக்கர் சத்தம் கேட்டது.
வழக்கம்போல
பதிலை எதிர்பார்க்காமலே கேட்டார்:
"சாப்பிட்டியா?"

ஆச்சு என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
கேமராவை மெல்லத் தாழ்த்தினேன்.
மேல்கட்டிலில் காயும் யாருடையதோ துப்பட்டா,
கீழே என் பெட்டி, அதன்மேல் அரைப் பாக்கெட் ரொட்டி.

"இல்லை" என்றேன்.

குக்கரை அணைக்கும் சத்தம்.
"என்ன இல்ல?" என்று
இம்முறை கேட்டவர்
பதிலுக்காகக் காத்திருந்தார்.